ஒப்பிடுவதற்கு ஒருத்தி

இந்த நாற்காலி பரவாயில்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் எனக்குக் கொடுத்திருந்ததற்கு முதுகே கிடையாது. அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே என் இடுப்பு போய்விட்டது. தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்க நினைப்பதையெல்லாம் கேளுங்கள், ஆனால் முதலில் என்னை என் வரிசையில் சொல்ல விடுங்கள். முடிவை முதலில் படிக்கிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுத்தவள் என்னைவிட வயதில் ரொம்ப இளையவள். எங்கள் ஆஸ்பத்திரியில் புள்ளிவிவரப் பிரிவுக்கு வேலைக்கு வந்தவள். டாக்டர் யாராவது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு, இது நிரூபணமான விஷயம் என்று ஆரம்பித்தால், அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு "ஆனா..." என்று மெதுவாக இழுப்பாள். அந்த ஆனாவுக்குப் பிறகு கட்டுரையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. அதனால் எல்லோருக்கும் அவள் ஆனா மேடம். அவளுக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை.

இளம் டாக்டர்களுக்காக வாரம் ஒரு மதியம் அவள் ஒரு வகுப்பு நடத்தினாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளை எப்படி வாசிப்பது, எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்பதுதான் பாடம். மருந்தகத்திலிருந்து போனது நான் ஒருத்திதான். யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று சொல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பையன். ஆறு வயதுவரை எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடினான். அப்புறம் படியேறும்போது தொடையைக் கையால் தள்ளிக்கொண்டு ஏறத் தொடங்கினான். பரம்பரையாக வரும் தசை நோய். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, உங்கள் காகிதங்களில் இருக்கும். வீட்டில் நாங்கள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'அது' என்போம். முதலில் கால், பிறகு கை, பிறகு தொண்டை, கடைசியில் மூச்சு. அது போகிற வழி ஒன்றுதான். போன வழியே திரும்பி வருவதில்லை.

அப்போது நான் எல்லாவற்றையும் நம்பினேன். ஆராய்ச்சியில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி எங்கே கண்ணில் பட்டாலும் போதும், அதை வாங்கி அவன் வாயில் போட்டேன். யானைக்குக் கொடுக்கிற அளவில் வைட்டமின் கொடுத்தேன். காந்தப் படுக்கை வாங்கினோம். ஒரு பொடி கொடுத்தேன், அதில் அவன் உடம்பெல்லாம் தடித்து, உரிந்தது. ஒவ்வொரு தடவையும், "இது வேலை செய்யுமாம்மா?" என்று கேட்பான். செய்யும் என்பேன். கடைசியாக, ரயிலில் இரண்டு நாள் போய், ஓர் இடத்தில் அவன் முதுகுத் தண்டில் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். அந்த ஊசிக்குப் பிறகு அவனால் மல்லாந்தும் படுக்க முடியவில்லை, ஒருக்களித்தும் படுக்க முடியவில்லை. அப்படியேதான் போனான். அப்போதும் நான் அவனிடம், இன்னும் கொஞ்ச நாளில் வேலை செய்ய ஆரம்பிக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, அந்த ஊசிக்கு ஆதாரமாக அவர்கள் காட்டியிருந்த கட்டுரையைத் தேடி எடுத்தேன். தலைப்பும் கடைசிப் பத்தியும் நான் முன்பே பார்த்தவை. நடுவில் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அது எலிகளைப் பற்றியது.

அதனால்தான் வகுப்புக்குப் போனேன்.

ஆனா மேடம் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், கட்டுரையின் முடிவுரையைக் கையால் மூடிக்கொள்வது. என்ன கண்டுபிடித்தார்கள் என்று அவர்களே பெருமையாகச் சொல்லும் இடம் அது, அதைக் கடைசியில் பார்த்தால் போதும். எப்படிச் செய்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். எத்தனை பேரில் ஆரம்பித்தார்கள், எத்தனை பேரில் முடித்தார்கள், நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே போனார்கள். நன்றாகத் தேறியவர்களை மட்டும் எண்ணினால் எந்த மருந்தும் நல்ல மருந்துதான். அப்புறம், அளந்தது யார், அளந்தவருக்கு என்ன தெரியும். இவருக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அளப்பவர் பொய் சொல்ல மாட்டார், ஆனால் அவர் கை சொல்லும். இது அவள் சொன்னது. நான் மறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி இருந்தது. யாராவது, குணமானது, குறைந்தது, கூடியது என்று எது சொன்னாலும், "எதோட ஒப்பிட்டு?" என்று கேட்பாள். மருந்து சாப்பிட்டவன் பிழைத்தான் என்றால், சாப்பிடாமல் இருந்த இன்னொருவன் என்ன ஆனான். அது தெரியாதவரை ஒன்றுமே தெரியாது.

எனக்கு அந்த வகுப்பு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை. பல வருடம் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி. ஒரு வாரம், காணாமல் போன நோயாளிகள் ஓர் அட்டவணையின் அடிக்குறிப்பில் ஒளிந்திருந்ததை டாக்டர்களுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், பேருந்தில் உட்கார்ந்து போக மனம் வரவில்லை. வீட்டிலும் அதே பேச்சுதான். காலை நடை இதயத்துக்கு நல்லது என்று என் கணவர் செய்தித்தாளைப் படித்துச் சொன்னால்கூட விடமாட்டேன். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், சிரித்த முகம். தன் நண்பர்களிடம் சொல்வாராம்: "உன்னைக் கட்டிக்கிட்டு நல்லா இருக்கேன்னு சொன்னாக்கூட, எதோட ஒப்பிட்டுன்னு கேப்பா என் பொண்டாட்டி."

வீட்டில் சிரிப்பு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அதற்குள் பெண்கள் இரண்டு பேருக்கும் அது வந்துவிட்டிருந்தது.

பெரியவளுக்கு முதலில். ஓடும்போது கால் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தாள். சின்னவளுக்கு ஒரு வருடம் கழித்து. தரையிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், அதைப் பார்த்துவிட்டு என் கணவர் பல் துலக்கப் போகிறேன் என்று குளியலறைக்குள் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. அழுதால் பயன் உண்டு என்பதற்கும் எந்தச் சான்றும் இல்லை.

மருந்து வந்தது அப்போதுதான். புதிய மருந்து. வெளியே கடையில் கிடைக்காது. நரம்பு டாக்டர் எழுதிக் கேட்டு, தயாரித்தவர்கள் எங்கள் பெண்கள் இருவருக்கும் இலவசமாக அனுப்பினார்கள். வெள்ளைக் கேப்சூல், உள்ளே மங்கிய மஞ்சள் தூள். டாக்டர் சந்தோஷமாக இருந்தார். ஒரு கட்டுரையும் கொடுத்தார். "படிச்சுப் பாருங்கம்மா, நம்பிக்கையா இருக்கு" என்றார்.

படித்தேன். முடிவுரையைக் கையால் மூடிக்கொண்டுதான். ஒரு சிறு கூட்டம் பிள்ளைகள், எல்லோருக்கும் மருந்து. ஒரு வருடத்தில் நோய் 'எதிர்பார்த்ததைவிட' மெதுவாக முற்றியதாம். எதிர்பார்த்தது யார் என்று எழுதவில்லை. மருந்து ஈரலைப் பாதித்ததால் சிலர் விலகிவிட்டார்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. எழுதியவர்கள் பாதிப் பேர் மருந்து செய்கிற இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒப்பிட ஒருவரும் இல்லை.

அந்தக் கட்டுரையை அடுத்த வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன். என் பிள்ளைகளுக்கு என்று சொல்லவில்லை. ஆனா மேடத்துக்கு என் மகன் இறந்தது தெரியும், பெண்களைப் பற்றித் தெரியாது. அவளைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். வீண் வேலை. அவள் கட்டுரையைப் பிரித்து, நான் கண்டதையெல்லாம் கண்டாள், நான் காணாத ஒன்றையும் கண்டாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, இந்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரிய என்னதான் வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். பலகையை அழித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரே மாதிரி ரெண்டு கூட்டம் வேணும், அக்கா. ஒரே நோய், ஒரே வயசு, ஒரே சாப்பாடு, ஒரே காத்து. முடிஞ்சா ஒரே ரத்தம். ஒரு பக்கம் மருந்து, ஒரு பக்கம் அதே மாதிரி இருக்கற வெறும் கேப்சூல். யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. ஆனா இவ்வளவு அரிதான நோய்க்கு அப்படிப் பிள்ளைங்க எங்க கிடைப்பாங்க?"

நான் மேசையிலிருந்த என் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள்.

அந்த வாரம் முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், மூச்சு விடாமல் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நாள் நன்றாக இருந்தால் மருந்தினாலா என்று தெரியாது. இரண்டு பேரும் மோசமானால் மருந்தினாலா, மருந்தையும் மீறியா என்று தெரியாது. மறுபடியும் ஒரு பிள்ளை என் முகத்தைப் பார்த்து, இது வேலை செய்யுமா என்று கேட்கும், மறுபடியும் எனக்குப் பதில் தெரியாமல் செய்யும் என்று சொல்வேன். அதை என்னால் இன்னொரு தடவை செய்ய முடியாது. செத்துப்போயிருப்பேன். மற்ற எல்லாவற்றையும் என்னால் செய்ய முடிந்தது.

கேப்சூலைத் திறந்து மூடுவது எனக்குத் தினசரி வேலை. பெண்கள் பள்ளிக்கூடம் போன பிறகு சமையலறை மேசையில் துணி விரித்து, ஒருத்தியின் பங்கை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, தூளைக் கொட்டி எடுத்து வைத்துவிட்டு, மாவுத்தூளை நிரப்பினேன். மஞ்சள் நிறம் துல்லியமாக வரக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. கெடுதலான எதையும் சேர்க்கவில்லை. அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். நிஜ மருந்துக்கு ஈரலைக் கெடுக்கும் குணம் இருந்தது என்பதை மறக்காதீர்கள். அந்த ஒரு வகையில் பார்த்தால் நான் பெரியவளைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

ஆமாம். பெரியவளுக்குத்தான் மாவு.

ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டேன். வருடக் கடைசியில் மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தால் பெரியவளுக்கும் கொடுத்துவிடுவது. ஒரு வருடம்தான் நஷ்டம். போனது திரும்பாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரியாத மருந்தை நம்பி மூத்தவனுக்கு எத்தனை வருடம் போயிற்று.

சம்மதம் என்று ஒன்று இருக்கிறது என்று நேற்று உங்கள் மேலதிகாரி சொன்னார். ஆராய்ச்சியில் அதற்கு விதிகள் உண்டு. அதைப் பற்றி ஆனா மேடம் ஒரு வகுப்பு எடுத்தாள். அன்று சின்னவளுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. பிற்பாடு அங்கே இருந்த ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: பிள்ளைகள் விஷயத்தில் பெற்றவர்தான் சம்மதம் தர வேண்டுமாம். நான் பெற்றவள்.

அளக்கிற வேலையைக் கணவரிடம் கொடுத்தேன். எனக்குத் தெரியும் என்பதால் நான் அளப்பது சரியில்லை. அவருக்கு இரண்டு பேரும் ஒரே மருந்தைச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு மேசையைக் காலி செய்துவிட்டு, காகிதத்தைச் சிறு உருண்டையாகக் கசக்கி ஓரத்தில் வைப்பார். ஒவ்வொருத்தியும் ஒரே மூச்சில் ஊத வேண்டும். உருண்டை எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும். மூச்சுத் தசைக்கு அது போதும். பெண்களுக்கு அது விளையாட்டு. அவரும் பந்தய வர்ணனை மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். பிறகு வெளி வராந்தாவில் லிஃப்ட் வரையில் நடப்பார்கள், அவர் கைதட்டி எண்ணுவார்.

மழைக்காலம் வரும்வரை வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதற்கப்புறம் பெரியவளின் உருண்டை மேசையின் பாதியில் நின்றது. சின்னவளின் உருண்டை மேசையைத் தாண்டிக் கீழே விழுந்துகொண்டிருந்தது. பெரியவள் சிரித்துக்கொண்டே, "என் பேப்பர் கனமா இருக்குப்பா" என்றாள். அவர் அவளுக்கு மெல்லிய காகிதம் கொடுத்துப் பார்த்தார். அதைவிட மெல்லியதும் கொடுத்தார்.

ஒரு ஞாயிறு பெரியவளின் உருண்டை திடீரென்று வெகுதூரம் போயிற்று. அவள் கைதட்டினாள், தங்கையைக் கட்டிக்கொண்டாள். மாவு சாப்பிடுகிறவளுக்கு எப்படி? எல்லோரும் எழுந்து போன பிறகு மேசையடியில் குனிந்து பார்த்தேன். அவள் பக்கத்து மேசைக்கால்களுக்குக் கீழே என் கணவர் அட்டையை மடித்துச் செருகியிருந்தார். மேசை சாய்ந்திருந்தது. அட்டைகளை உருவிக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் அவரிடம், இப்படிச் செய்தால் டாக்டருக்குச் சரியான தகவல் போகாது என்று அமைதியாகத்தான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு நாளாவது அவ ஜெயிக்கட்டுமேன்னு பாத்தேன்" என்றார். நல்ல மனிதர். அளப்பதற்கு அவர் சரியான ஆள் இல்லை.

அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் பாதியில் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது என்று ஆராய்ச்சியை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் தற்செயலைப் பார்த்து ஏமாந்தவர்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு நல்ல மாதம், ஒரு கெட்ட மாதம். குறித்த காலம்வரை போக வேண்டும். மனசு தாங்கவில்லை என்பது காரணம் ஆகாது. மனசு தாங்காமல்தான் மூத்தவனை அந்த ரயிலில் ஏற்றினேன்.

பிறகு பெரியவளுக்கு விழுங்குவது கஷ்டமாயிற்று. கேப்சூல் தொண்டையில் நின்றது. அவள் அப்பா இரண்டு பேருக்குமே கேப்சூலைத் திறந்து ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுக்க ஆரம்பித்தார். சின்னவள் முகத்தைச் சுளித்தாள், கசக்கிறது என்று. பெரியவள் நக்கிப் பார்த்தாள். தங்கையின் கரண்டியையும் வாங்கி நக்கிப் பார்த்தாள். சுட்டிப்பெண் அவள், எதையும் சும்மா விட மாட்டாள்.

நான் வேலையிலிருந்து வந்ததும் என்னிடம் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். "அம்மா, என் மருந்து மட்டும் கசக்கவே இல்ல. அவளோடது கசக்குது. எனக்கு மாத்திக் குடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

ரொம்ப நல்ல கேள்வி அது. அந்த வகுப்பில் எத்தனையோ டாக்டர்களுக்குத் தோன்றாத கேள்வி. வெறும் கேப்சூலும் அசல் மாதிரியே ருசிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். நான்தான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். மறுநாள் மருந்தகத்திலிருந்து கசப்புத் தூள் ஒன்றை எடுத்துவந்து மாவில் கலந்தேன். அதுவும் கெடுதல் இல்லாததுதான், நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நாள் கழித்துப் பெரியவள் சமையலறை வாசலில் நின்று, "இப்ப எனக்கும் கசக்குதும்மா" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

அதற்குப் பிறகு சீக்கிரமாகவே நடந்தது. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். உட்கார வைத்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சின்னவள் அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள், புத்தகம் வாசித்துக்காட்டினாள். ஒரு காலை பெரியவளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. என் கணவர் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பேருந்திலேயே அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நான் கீழ்த்தளத்தில் மருந்தகத்தில் இருந்தேன், எனக்கு ஆள் வந்து சொன்னபோது யாருக்கோ மருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனேன்.

மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள். மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று பார்க்க நரம்பு டாக்டர் அவள் ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். ரத்தத்தில் மருந்தே இல்லை. பரிசோதனைக்கூடத்தில் தவறு என்று நினைத்து மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் இல்லை. என் கணவர் வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தினமும் நானே என் கையால் கொடுக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைச் சந்தேகமாகப் பார்த்ததும் நான் நடுவில் போய்ச் சொன்னேன். யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை, நானே சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தவறான ஆளின் மேல் பழி போவது எனக்குப் பிடிக்காது.

உடனே அவளுக்கு மூக்குக்குழாய் வழியாக அசல் மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் இருந்தாள். வாயில் குழாய் இருந்ததால் அவளால் எதுவும் கேட்க முடியவில்லை.

பெரியவளின் பங்கிலிருந்து எடுத்த தூள் முழுவதும் அலமாரி மேலிருந்த டப்பாவில் பத்திரமாக இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்துப் போனார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சின்னவளுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு வரும். அதற்காகத்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் ஆனா மேடம் வார்டுக்கு வந்தாள், யாரோ சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஒரே ரத்தம், ஒரே வீடு, அளந்தவருக்குத் தெரியாது, ருசிகூட ஒன்றுதான், நடுவில் நிறுத்தவில்லை. சின்னவள் இன்னும் லிஃப்ட் வரையில் நடக்கிறாள் என்றேன். அவள் பாராட்ட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புரிந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தேன். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அது புரியும்.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ரெண்டே பேரு, அக்கா. ரெண்டு பேர வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. இந்த நோய் ஒருத்திக்கு வேகமாப் போகும், ஒருத்திக்கு மெதுவாப் போகும். கூடப்பொறந்தவங்களுக்குள்ளயே அப்படித்தான். உங்க சின்னவ மருந்தே இல்லாமலும் நடந்திருப்பாளோ என்னவோ. உங்களுக்கு இப்பவும் ஒண்ணும் தெரியாது."

அன்று அவள் ஒரு தடவைகூட ஆனா என்று சொல்லவில்லை.

அவள் சொன்னது சரியான விமரிசனம். பிள்ளைகளின் எண்ணிக்கை போதாது. அதை நான் ஆரம்பத்திலேயே யோசித்திருக்க வேண்டும். அவள் எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

என் கணவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. சின்னவளை அழைத்துக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும் முன் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டும் நீ பெத்ததுதான. இவளுக்கு மாவு, இவளுக்கு மருந்துன்னு எப்படி முடிவு பண்ணுன?" அவர் கோபத்தில் இருந்தார், அதனால் நான் பதில் சொல்லவில்லை. நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் நிதானமாக இருக்கிறீர்கள்.

எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். சின்னவள் மூத்தவன் ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள், அவன் மாதிரியே சிரிப்பாள், தூங்கும்போது அவன் மாதிரியே என் காது மடலைப் பிடித்துக்கொள்வாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யாருக்கு மருந்து என்பதை மனிதர்கள் தேர்ந்தெடுக்கவே கூடாது, அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட வேண்டும். ஆராய்ச்சிக்கு உயிர்நாடியே அதுதான். அப்படித்தான் செய்தேன். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாணயத்தைச் சுண்டினேன். தலை விழுந்தால் பெரியவளுக்கு மருந்து, பூ விழுந்தால் சின்னவளுக்கு. முதலில் தலை விழுந்தது. ஆனால் அது கட்டில் காலில் இடித்து உருண்டு போயிருந்தது, அதைக் கணக்கில் எடுக்க முடியாது. அடுத்ததைக் கையில் பிடித்தேன், அதிலும் தலை. கையில் பிடிக்கும்போது விரல் பட்டுத் திரும்ப இடம் உண்டு, அதுவும் செல்லாது. அப்புறம் சுண்டியது தரையில் சுத்தமாக விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றது. பூ. அதைத்தான் முதல் தடவை என்று எடுத்துக்கொண்டேன்.